வகுப்பறை வினாடி வினாவுக்கு ஒரு பஸர் பெட்டி: ரிலேயா, எஸ்.சி.ஆரா, ஆர்டுயினோவா?

வகுப்பில் வினாடி வினா நடத்தும்போது கேள்விகளைவிட அதிக நேரத்தைத் தின்பது "நான்தான் சார் முதலில் கை தூக்கினேன்" என்ற வழக்குதான். நான்கு அணிக்கு நான்கு பொத்தான், முதலில் அழுத்திய அணியின் விளக்கு மட்டும் எரிந்து மற்ற மூன்றையும் பூட்டிவிடும் ஒரு பெட்டி, அடுத்த கேள்விக்கு முன் ஆசிரியர் அழுத்த ஒரு ரீசெட் சுவிட்ச்: இவ்வளவு இருந்தால் அந்த வழக்கு முடிந்துவிடும். செய்யத் துணியும் ஆசிரியர்கள் தயங்கி நிற்பது அடுத்த படியில்தான். யூடியூபில் பார்த்தால் நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ என்கிறார்கள். ஊரிலுள்ள எலக்ட்ரீஷியனைக் கேட்டால், சுருளில் மின்சாரம் பாயும்போது மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே போதும் என்கிறார். டிவி மெக்கானிக்கோ இரண்டையும் ஒதுக்கிவிட்டு நான்கு எஸ்.சி.ஆர். (ஒருமுறை தூண்டிவிட்டால், மின்சாரத்தை நிறுத்தும்வரை கடத்திக்கொண்டே இருக்கும் குறைகடத்திச் சுவிட்ச்) வாங்கி வரச் சொல்கிறார். மூவர் சொல்வதும் வேலை செய்யும் என்பதால்தான் முடிவெடுப்பது கடினமாகிறது.

எதை வைத்து அளப்பது

பலரும் முதலில் கேட்பது துல்லியத்தைப் பற்றி. கீழே விழும் அளவுகோலைப் பிடிக்கும் சோதனையைச் செய்திருப்பவர்களுக்குத் தெரியும்: அளவுகோல் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் விழுந்த பிறகே விரல்கள் அதைப் பற்றுகின்றன, அதாவது கண்ணில் பட்டதற்கும் கை அசைவதற்கும் இடையே சுமார் 0.2 நொடி போய்விடுகிறது. இரண்டு மாணவர்களுக்கு இடையிலான வித்தியாசம் இதைவிடக் குறைவாக இருக்கலாம் என்றாலும், நொடியில் நூறில் ஒரு பங்கைப் பிரித்தறியும் பெட்டி வகுப்பறைக்குத் தாராளமாகப் போதும். நாம் பார்க்கப்போகும் எல்லா முறைகளும், சரியாகக் கட்டினால், அந்த அளவை எட்டிவிடும். ஆகவே துல்லியத்தை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

உண்மையில் முடிவைத் தீர்மானிப்பவை வேறு. பெட்டி பழுதானால் பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ அதைத் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள்? செய்த ஆசிரியர் கலந்தாய்வில் மாறுதல் வாங்கிப் போன பிறகு அடுத்தவருக்கு அது புரியுமா? மின்தடை நேரத்தில் ஓடுமா? பாகங்கள் வாங்க எவ்வளவு தூரம் போக வேண்டும்? செய்யும் மாணவர்கள் அதிலிருந்து எதைக் கண்ணால் காண்பார்கள்? இந்த ஐந்தையும் முதலில் தங்கள் பள்ளிக்கு ஏற்றபடி பதில் எழுதிக்கொண்டு, அதன் பிறகு விலைப்பட்டியலைப் பார்ப்பது நல்லது.

எந்த முறைக்கும் பொதுவான செலவு

விலையை ஒப்பிடுபவர்கள் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட்டை மட்டும் கணக்கிட்டு ஏமாறுகிறார்கள். நான்கு சுவிட்ச், சுவிட்சை மாட்ட நான்கு சிறு பெட்டி, ஒவ்வொரு அணிக்கும் 5 மீட்டர் என 20 மீட்டர் இரட்டை ஒயர், மேசைமேல் வைக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பஸர், கனெக்டர் ஆகியவை எந்த முறைக்கும் வேண்டும். கடைக்குக் கடை மாறினாலும், இவற்றுக்கு மட்டும் 500 ரூபாயை ஒட்டி ஆகிவிடும். உள்ளே இருக்கும் சர்க்யூட் பெரும்பாலும் அதைவிட மலிவு.

சுவிட்சில் மிச்சம் பிடிப்பதுதான் மிகப் பெரிய தவறு. ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கும் சின்னஞ்சிறு புஷ் பட்டன் சர்க்யூட் பலகையில் விரல்நுனியால் மெதுவாகத் தொடுவதற்கென்று செய்யப்பட்டது. எட்டாம் வகுப்பு மாணவர் உள்ளங்கையால் ஓங்கி அடிக்கும் அடியை அது சில நாட்கள்கூடத் தாங்காது. காலிங் பெல் சுவிட்ச் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கிறது, அழுத்தினால் இணையும், விட்டால் விலகும், உடைந்தால் அதேபோல ஒன்று காரிமங்கலத்திலும் கிடைக்கும். அதையே பிவிசி பெட்டியில் மாட்டி, ஒயரைப் பெட்டிக்குள் ஒரு முடிச்சுப் போட்டு வெளியே எடுத்தால், யாராவது காலில் தட்டி இழுத்தாலும் சால்டர் விடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மாணவர் கை படும் எந்த ஒயரிலும் 230 வோல்ட் வரவே கூடாது. பெரிய விளக்கு எரிய வேண்டும், பள்ளி மணியே அடிக்க வேண்டும் என்ற ஆசை ரிலே முறையில் அடிக்கடி எழும். 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை விளக்கே வகுப்பின் கடைசி வரிசைக்குத் தெரியும் என்பதால் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

கடையில் வாங்குவது

தயார் நிலையில் கிடைக்கும் வினாடி வினா பஸர் தொகுப்புக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆண்டு விழாவுக்கும் வட்டார அளவிலான போட்டிக்கும் மாறி மாறிப் பயன்படப் போகிறது, பள்ளியில் சால்டரிங் அயர்ன் பிடிக்க ஆளில்லை, பணம் தர முன்னாள் மாணவர் ஒருவர் இருக்கிறார் என்றால் வாங்கிவிடலாம். ஒயர் இல்லாத தொகுப்புகளில் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனி பேட்டரி உண்டு. அவற்றை மாற்றுவது தொடர் செலவு. பழுதானால் உள்ளே என்ன இருக்கிறது என்று வரைபடம் கிடைக்காது. மாணவர்கள் கற்பதற்கும் இதில் எதுவும் இல்லை.

ரிலே முறை

அணிக்கு ஒன்றாக நான்கு 12 வோல்ட் ரிலே. ஒவ்வொன்றிலும் இரண்டு ஜோடித் தொடர்பு இருக்க வேண்டும். ஒரே ஜோடி உள்ள, சர்க்கரைக் கட்டி போன்ற சிறு ரிலே மலிவானாலும் இதற்குப் போதாது. ஒரு ஜோடி, ரிலே ஒருமுறை இழுத்தவுடன் தன் சுருளுக்குத் தானே மின்சாரம் கொடுத்துக்கொள்ளும் வேலையைச் செய்கிறது; ஆகவே மாணவர் கையை எடுத்தாலும் விளக்கு அணையாது. மற்ற ஜோடி எல்லாப் பொத்தான்களுக்கும் போகும் பொதுவான மின்வழியைத் துண்டிக்கிறது. ஆகவே அடுத்தவர் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. ரீசெட் சுவிட்ச் முழு மின்சாரத்தையும் ஒரு கணம் நிறுத்த, எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

வரைபடத்தில் தெரியாத ஒரு சிக்கல் இதில் உண்டு. ரிலேயின் நாக்கு, அதாவது சுருள் இழுக்கும் இரும்புத் தகடு, நகரும்போது முதலில் பழைய தொடர்பு விலகி, மிகச் சிறிய இடைவெளிக்குப் பிறகுதான் புதிய தொடர்பு சேருகிறது. அந்த இடைவெளியில் சுருளுக்கு மின்சாரம் இல்லை என்பதால் நாக்கு பின்வாங்கி, மறுபடி இழுக்கப்பட்டு, மறுபடி பின்வாங்கி, பழைய மின்மணியைப் போலப் படபடவென்று அடித்துக்கொள்ளும். கட்டி முடித்துப் பொத்தானை அழுத்தியதும் இந்தச் சத்தம் கேட்டால் ரிலே கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு வாங்க ஓட வேண்டாம். சுருளின் இரு முனைகளுக்கு இடையே, திசை பார்த்து, ஒரு 1என்4007 டயோடும் 100 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கண்டன்சரும் சேர்த்தால், அந்த இடைவெளி முழுவதும் கண்டன்சரில் சேமித்த மின்னூட்டமே சுருளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

ரிலே இழுக்க ஏறத்தாழ நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் இருவர் அழுத்திவிட்டால் இரண்டு விளக்கும் எரியக்கூடும். அதைக் குறையாக நான் கருதவில்லை: அவ்வளவு நெருக்கமாக அழுத்தியவர்களைச் சமம் என்று அறிவித்து வேறு கேள்வி கேட்பதே நியாயம்.

இதன் மறைமுகச் செலவு மின்சாரம். சுருளுக்குப் பல பத்து மில்லியாம்பியர் வேண்டும் என்பதால் 9 வோல்ட் சிறு பேட்டரி சரிப்படாது. 12 வோல்ட் அடாப்டர் வாங்க வேண்டும், மின்தடைக்கு எமர்ஜென்சி விளக்கின் பேட்டரியோ பழைய பைக் பேட்டரியோ கைவசம் இருக்க வேண்டும். பெட்டியும் சற்றுப் பெரிதாகும். ஆனால் பழுதுபார்ப்பதில் இதை எதுவும் மிஞ்சாது. மோட்டார் ஸ்டார்ட்டர் பார்க்கத் தெரிந்த எந்த எலக்ட்ரீஷியனுக்கும் இந்த வேலை பழகியதுதான், ஏனெனில் ஸ்டார்ட்டரின் பச்சை, சிவப்புப் பொத்தான்கள் கான்டாக்டரைப் பிடித்து வைப்பதும் விடுவிப்பதும் இதே முறையில்தான். போர்வெல் இல்லாத ஊர் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் அரிது, ஸ்டார்ட்டர் பார்க்கும் ஆளும் அப்படியே.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் மின்காந்தவியல் நடத்துபவருக்கு இது கூடுதல் லாபம். கண்ணாடி போன்ற மூடியுள்ள ரிலேயை வாங்கினால், மாணவர் பொத்தானை அழுத்தும்போது நாக்கு இழுக்கப்படுவதைக் கண்ணால் பார்க்கலாம், டக்கென்ற ஒலியைக் காதால் கேட்கலாம்.

எஸ்.சி.ஆர். முறை

செலவில் இதற்கு நிகரில்லை. பிடி 169 அல்லது பிசிஆர் 406 போன்ற மூன்று கால் சிறு எஸ்.சி.ஆர். சில ரூபாய்தான். அதுவும் வாங்க வேண்டும் என்பதில்லை: திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கட்டும் சீரியல் செட்டில், விளக்கை மாற்றி மாற்றி எரியவைக்கும் குட்டிப் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் இதே வகைதான். விளக்குச் சரம் போன பின் அந்தப் பெட்டியைக் குப்பையில் போடுகிறார்கள். அலங்கார விளக்கு கட்டுபவரிடம் சொல்லிவைத்தால் ஒரு பை நிறையக் கிடைக்கும். பிளக்கிலிருந்து பிடுங்கிய பெட்டியை மட்டுமே திறக்க வேண்டும்.

சர்க்யூட்டின் அழகு அதன் எளிமையில் இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரியிலிருந்து 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒரு பொதுப் புள்ளிக்கு வருகிறது. அந்தப் புள்ளியிலிருந்து ஒவ்வொரு அணிக்கும் ஒரு சிவப்பு எல்.இ.டி., அதன் கீழே ஒரு எஸ்.சி.ஆர். அதே புள்ளியிலிருந்தே, குறிப்பிட்ட வோல்ட்டைத் தாண்டினால் மட்டும் கடத்தும் 3.9 வோல்ட் ஜீனர் டயோடு வழியாகப் பொத்தான்களுக்கும், அங்கிருந்து அணிக்கொரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக எஸ்.சி.ஆரைத் தூண்டும் காலான கேட்டுக்கும் மின்சாரம் போகிறது. யாரும் அழுத்தாதபோது பொதுப் புள்ளியில் 9 வோல்ட் இருப்பதால் ஜீனர் கடத்தத் தயாராக இருக்கிறது. ஒருவர் அழுத்தியதும் அவருடைய எஸ்.சி.ஆர். கடத்தத் தொடங்கி, பொதுப் புள்ளியின் அழுத்தம் 3 வோல்ட் அளவுக்கு விழுந்துவிடும். அதன்பின் ஜீனரைத் தாண்டி எவருடைய கேட்டுக்கும் மின்சாரம் போக வழியில்லை. பூட்டுவதற்கென்று தனியாக எந்தப் பாகமும் இல்லை. அந்த 470 ஓம் ரெசிஸ்டருக்கு இணையாக ஒரு சிறு பஸரை வைத்தால், எந்த அணி அழுத்தினாலும் அதற்குக் கிட்டத்தட்ட 6 வோல்ட் கிடைத்து ஒலிக்கும். காத்திருக்கும்போது மின்செலவு ஏறத்தாழ இல்லை என்பதால் ஒரு பேட்டரி நெடுநாள் வரும்.

குறை எங்கே? கேட் மிகச் சிறு தூண்டுதலுக்கும் இயங்கிவிடும். 5 மீட்டர் ஒயர் ஆன்டெனாபோல இருக்க, பக்கத்தில் யாராவது மின்விசிறியையோ சோக் வைத்த டியூப்லைட்டையோ அணைத்தால், யாரும் தொடாமலே ஒரு விளக்கு எரிந்துவிடும். ஒவ்வொரு கேட்டுக்கும், மின்சாரம் வெளியேறும் காலான கேத்தோடுக்கும் இடையே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் வைப்பது இதைப் பெரும்பாலும் தடுக்கும். இணையத்தில் வலம் வரும் படங்கள் பலவற்றில் இந்த இரண்டும் விடுபட்டிருக்கும். எஸ்.சி.ஆரின் மூன்று கால்களில் எது எது என்பதும் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பழைய பெட்டியிலிருந்து எடுத்தவற்றை எண்ணைப் பார்த்து உறுதி செய்யாமல் சால்டர் வைத்தால் ஒரு மாலை முழுவதும் வீணாகும்.

இன்னொரு வரம்பும் உண்டு. சிவப்பு எல்.இ.டி.க்குப் பதில் நீலம், வெள்ளை போட்டால் பொதுப் புள்ளியின் அழுத்தம் 4 வோல்ட் அளவில் நின்று, பூட்டு தளர்ந்துவிட வாய்ப்பிருக்கிறது. அணிக்கொரு நிறம் வேண்டும் என்பவர்கள் எல்.இ.டி.யை ஒரே சிவப்பாக வைத்து, முன்னால் அணியின் நிறத்தில் அட்டையை ஒட்டிக்கொள்ளலாம். ஓசூர், தளிப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னட வழிப் பிரிவுகள் அருகருகே இருக்கும் பள்ளிகளில், எழுத்தைவிட நிற அட்டையே எல்லோருக்கும் வசதி.

எட்டு அணி வேண்டுமென்றால் 74எச்சி373 போன்ற, நிலையைப் பிடித்துவைக்கும் லாட்ச் ஐ.சி.யை நாடுபவர்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் லாஜிக் கேட் நடத்தும்போது செய்முறையாகக் காட்ட நல்லது. நிலையான 5 வோல்ட் வேண்டும், சால்டர் புள்ளிகள் மிகுதி, ஒரு தவறான இணைப்பைக் கண்டுபிடிப்பது சிரமம் என்பதால் அன்றாட வகுப்பறைப் பெட்டிக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

ஆர்டுயினோ முறை

2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தொடங்கிய ஆர்டுயினோவின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதனால்தான் அதன் சிறிய வகையான நானோ பலகையின் நகல் நமக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதிலுள்ள ஏடிமெகா 328பி என்ற சிப் நொடிக்கு 1.6 கோடித் துடிப்பில் ஓடுகிறது. பொத்தானை நேராகப் பலகைக்கு இணைத்தால் போதும். பூட்டும் வேலை முழுவதும் நிரலில். ஐந்து விநாடிக் கெடு, அணிக்கொரு ஒலி, கேள்வி முடியும் முன் அழுத்தியவரைத் தனியாகக் காட்டுவது என எதையும் ஒரு ஒயரைக்கூட மாற்றாமல் சேர்க்கலாம். இந்த வசதி மற்ற இரண்டிலும் இல்லை.

ஆனால் துல்லியத்தில் கைவிடக்கூடியதும் இதுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். சிப்பின் வேகத்தில் குறையில்லை. நான்கு பொத்தானையும் படிக்க நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நகலெடுத்துப் போடும் நிரல்களில், சுழற்சியின் முடிவில் 100 மில்லிநொடி காத்திருக்கச் சொல்லும் ஒரு டிலே வரி இருந்தால், அந்த இடைவெளியில் இரண்டாம் அணி முதலிலும் முதல் அணி சற்றுப் பின்னரும் அழுத்தினாலும், நிரல் விழித்துப் பார்க்கும்போது இரண்டும் அழுத்திய நிலையிலேயே இருக்கும். அது வரிசைப்படி முதலாம் அணியைத்தான் முதலில் கேட்கும். வெற்றி எப்போதும் முதலாம் அணிக்கே. சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: நான்கு சுவிட்சையும் வரிசையாக வைத்து, மேலே ஒரு மரச்சட்டத்தை வைத்து ஒரே அடியாக அழுத்திப் பாருங்கள். பலமுறை அழுத்தியும் வெற்றி ஒரே அணிக்கே போனால், சுவிட்சுகளை இடம் மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் பெட்டிக்குள் பாரபட்சம் இருக்கிறது. டிலே வரியை நீக்கிவிட்டு, நான்கு பொத்தானின் நிலையையும் ஒரே கட்டளையில் படித்தால் அது போய்விடும். ரிலே பெட்டிக்கும் இதே சோதனையைச் செய்யலாம்.

மறைமுகச் செலவுகளும் இதில்தான் அதிகம். நிரல் ஏற்ற ஒரு கணினி வேண்டும். பள்ளி ஆய்வகக் கணினியில் புதிய மென்பொருள் நிறுவ அனுமதி கேட்க வேண்டியிருக்கலாம். நகல் பலகைகளில் சிஎச்340 என்ற யு.எஸ்.பி. சிப் இருப்பதால் சில கணினிகளில் தனி டிரைவர் நிறுவ வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் நிரல் ஏறாவிட்டால், மெனுவில் 'ஓல்டு பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டும். பலகை கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பப்படுபவற்றில் பல இப்படிப்பட்டவையே. பவர் பேங்கில் ஓட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: பலகை இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், பல பவர் பேங்குகள் எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதித் தாமாகவே அணைந்துவிடும். நீண்ட ஒயருக்கு அழுத்தாத பொத்தானின் ஒயரை நிலையான மின்னழுத்தத்தில் வைக்க சிப்புக்கு உள்ளிருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு பொத்தானுக்கும் வெளியே 1 கிலோ ஓம் ஒன்று சேர்ப்பது பாதுகாப்பு.

பலகை வாங்கும் முன்பே முழுச் சர்க்யூட்டையும் டிங்கர்கேட் இணையதளத்தில், திரையிலேயே, கட்டணமின்றிக் கட்டி ஓட்டிப் பார்க்கலாம் என்பது இதற்கு ஒரு தனிச் சிறப்பு.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | ரிலே | எஸ்.சி.ஆர். | ஆர்டுயினோ |
|---|---|---|---|
| உள் சர்க்யூட் செலவு, சுமாராக | 300 முதல் 450 ரூபாய் | 100 ரூபாய்க்குள் | 300 முதல் 450 ரூபாய் |
| மின்சாரம் | 12 வோல்ட் அடாப்டர் அல்லது பெரிய பேட்டரி | 9 வோல்ட் சிறு பேட்டரி | மொபைல் சார்ஜர் |
| பழுது பார்ப்பவர் | மோட்டார் எலக்ட்ரீஷியன் | டிவி, ரேடியோ மெக்கானிக் | நிரல் தெரிந்தவர் |
| வழக்கமான தொல்லை | படபடப்பு | தானே எரிதல் | நிரலின் பாரபட்சம், டிரைவர் |
| பாடத்தோடு ஒட்டுவது | மின்காந்தம் | குறைகடத்தி | நிரலாக்கம் |

யாருக்கு எது

அஞ்செட்டி, ஏரியூர் போன்ற பகுதியில் இருக்கும் நடுநிலைப் பள்ளி, ஒரே அறிவியல் ஆசிரியர், அவரும் எப்போது மாறுவார் என்று தெரியாது என்றால், நான் தயங்காமல் ரிலே என்பேன். செலவு எஸ்.சி.ஆரைவிட மும்மடங்கு ஆனாலும், மூன்றாண்டு கழித்தும் ஓடிக்கொண்டிருக்கப் போவது அதுதான். சால்டரிங் நன்றாக வரும் ஆசிரியர் ஒருவர் அறிவியல் மன்ற மாணவர்களைக் கொண்டு, குழுவுக்கொன்றாக ஐந்தாறு பெட்டிகள் கட்டவைக்க விரும்பினால் எஸ்.சி.ஆரே பொருத்தம், ஒன்றிரண்டு பாகம் கருகினாலும் யாரும் கவலைப்பட வேண்டாம். ஈயம் கலந்த சால்டரைத் தொட்ட கையைக் கழுவாமல் மதிய உணவுக்கு உட்கார விடக்கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பு வேண்டும்.

ஓசூரில் இருப்பவர்களுக்கு நிலைமை வேறு. சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் பெங்களூரு எஸ்.பி. சாலையின் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கின்றன. பலகையோ ரிலேயோ நேரில் பார்த்து, எண்ணைச் சரிபார்த்து வாங்கலாம். தருமபுரியிலிருந்து சேலம் போவதோ, கூரியருக்குக் காத்திருப்பதோ தேவையில்லாத அவர்கள், மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் மாணவர்கள் இருந்தால், ஆர்டுயினோவை எடுத்துக்கொள்ளலாம். நிரலை ஒருவருடைய மடிக்கணினியில் மட்டும் விட்டுவைக்காமல் அச்சிட்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிட்டால், அடுத்து வருபவர் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்வார். ரிலே, எஸ்.சி.ஆர். பெட்டிகளுக்கும் வரைபடத்தை அப்படியே ஒட்டலாம்.

இன்னும் முடிவு வரவில்லை என்றால் சுவிட்சையும் ஒயரையும் முதலில் செய்துவிடுங்கள். ஒவ்வொரு ஒயரின் முனையிலும் இயர்போனில் வருவது போன்ற 3.5 மி.மீ. பின்னையும், பெட்டியில் அதற்கான சாக்கெட்டையும் வைத்தால், இன்று எஸ்.சி.ஆர். பெட்டி, அடுத்த ஆண்டு ஆர்டுயினோ என்று உள்ளே இருப்பதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இந்தப் பின்னைச் செருகும்போது அதன் இரு முனைகளும் ஒரு கணம் ஒன்றையொன்று தொட்டு, பொத்தானை அழுத்தியது போலாகிவிடும். ஆகவே நான்கையும் செருகிய பிறகே பெட்டியை ஆன் செய்ய வேண்டும்.